மூடி திறக்காத இரவு

அலாரம் அடித்தது. மாறன் எழுந்தான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். பால் காய்வதற்குள் துடைப்பத்தை எடுத்து, வாசலில் விழுந்து கிடந்த கடுக்காய் மரத்துச் சருகுகளைக் கூட்டித் தள்ளினான். திரும்பி வந்தபோது பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. உள் அறையிலிருந்து கோதையின் குரல் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் பயமில்லங்க. அம்மாவ மட்டும் பாத்துக்கங்க."

அடுப்பை அணைத்தான். இரண்டு தம்ளர்களில் காப்பி கலந்தான். ஒன்றில் சர்க்கரை போடவில்லை. அது அத்தைக்கு. கோதை இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அத்தை கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்து தம்ளரை வாங்கிக்கொண்டாள். சரோஜா, அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கீழே ஆத்தூரில் அவளுக்குச் சொந்த வீடு இருந்தது. அதைப் பூட்டிவிட்டு, மகளின் கடைசிச் சொல்லுக்காக மருமகனோடு வந்து மலையில் இருந்தாள். மகளின் கடைசிச் சொல்லுக்காகத்தான் மாறனும் அவளைக் கூட்டி வந்திருந்தான். காரியம் முடிந்த பிறகு பத்து நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தவளை எழுப்பி உட்கார வைத்தது அந்த ஒரு வாக்கியம்.

"ராத்திரி சட்டிய திறந்து பாத்தீங்களா?" என்றாள்.

"இல்ல அத்தை."

"மீன் கொழம்பு. அப்படியே இருக்கு. எலும்புக்கூட்டுக்கு சட்டை மாட்டி ஆபீஸ் அனுப்புறேன்னு ஊர்ல என்னத்தான் பேசுவாங்க."

"மத்தியானம் சாப்பிடுறேன்."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க மாப்ள."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

கல்வராயன் மலையில் அந்த வானாய்வகம் ஒரு தனியார் அறக்கட்டளைக்குச் சொந்தம். தொலைநோக்கி குன்றின் உச்சியில் ஒரு வெள்ளைக் குவிமாடத்துக்குள் இருந்தது. அலுவலகமும் குடியிருப்பும் கீழே. முன்பு இரவெல்லாம் ஆள் விழித்திருக்க வேண்டும். இப்போது எல்லாம் தானாக நடந்தது. குவிமாடம் தானாகத் திறந்து, தொலைநோக்கி தானாகத் திரும்பி, எடுத்த படங்கள் விடிவதற்குள் கீழே வந்துவிடும். காலையில் மாறன் திரையைத் திறந்தால் போதும். மேலே ஏறிப் பார்க்க வேண்டிய தேவையே யாருக்கும் இல்லை. கோதை இருந்தவரை அவள் ஏறுவாள். கேமரா அவள் பொறுப்பு.

தினமும் மாலையில் அவள் ஒரு காரியம் செய்வாள். தொலைநோக்கியின் மூடியை மூடிவிட்டு, இருட்டைப் படம் எடுப்பாள். எந்தக் கேமராவுக்குள்ளும் அதற்கே உரிய ஓர் இரைச்சல் உண்டு. வானத்தைப் படம் எடுக்கும்போது அதுவும் சேர்ந்துதான் விழும். மூடியோடு எடுத்த படத்தில் அந்த இரைச்சல் மட்டும் இருக்கும். அதை இதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது வானம். இருட்டுப்படம் என்று அதற்குப் பெயர். "உன் பொண்டாட்டி டெய்லி ஒண்ணுமில்லாதத போட்டோ எடுக்குறாடா, அதுக்கு சம்பளம் வேற," என்று அன்சாரி கிண்டல் செய்வான். "ஒண்ணுமில்லாதது எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தான பாய், ஏதாவது இருந்தா தெரியும்?" என்பாள் கோதை.

கோதை போன பிறகு கேமராவில் போட்ட, மாறன் உருவாக்கிய மென்பொருளுக்கு இருட்டுப்படம் தேவைப்படவில்லை. அதற்கு நிரப்பி என்று பெயர் வைத்ததும் அன்சாரிதான்.

தூரத்துச் சுருள் விண்மீன் மண்டலங்கள் கேமராவில் அழகாக விழுவதில்லை. பல கோடி ஆண்டுகள் பயணம் செய்து வரும் வெளிச்சத்தில் சில துளிகள்தான் வந்து சேரும். கறுப்புத் துணியில் யாரோ மணலைச் சிந்தியதுபோல இருக்கும். நிரப்பிக்கு அவன் லட்சக்கணக்கான மண்டலங்களைக் காட்டியிருந்தான். நடுவில் குமிழ் எப்படி இருக்கும், அதிலிருந்து கைகள் எப்படிப் பிரிந்து சுழலும் என்று அது கற்றுக்கொண்டது. நாலு மணலைப் பார்த்தால் மீதிச் சுருளைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மறைந்திருப்பதை வெளியே கொண்டுவருகிறது என்று பத்திரிகைகள் எழுதின. ஒரே வருடத்தில் உலகத்தின் எல்லாத் தொலைநோக்கிகளுக்குள்ளும் அது போய் உட்கார்ந்தது. பழைய படங்களைக்கூட அதில் போட்டுப் புதுப்பித்துவிட்டு, இடத்தை அடைக்கிறது என்று மூலத்தை அழித்தார்கள். பிறகு ஸ்கேன் இயந்திரங்களுக்குள் போனது. மங்கலான படங்களிலிருந்து முகங்களை வரைய, காவல் நிலையங்களுக்குப் போனது. குரல்களுக்கும் வந்தது.

அன்று காலை வந்திருந்த படங்கள் நன்றாக இருந்தன. மொத்தம் நாற்பதுக்கு மேல். ஒவ்வொன்றிலும் நீலக் கைகள், மஞ்சள் குமிழ். அறக்கட்டளையின் அடுத்த வருடக் காலண்டருக்கு இரண்டைத் தனியே எடுத்து வைத்தான்.

அன்சாரி உள்ளே வந்தான். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். கையெல்லாம் கிரீஸ்.

"டேய் மாறா, ராத்திரி வந்ததெல்லாம் தூக்கிப் போட்டுடு."

"ஏன்?"

"கருகின வாடை வருதுன்னு வாட்ச்மேன் கூப்பிட்டாரு. போய்ப் பாத்தா மூடி மோட்டார் பொசுங்கிக் கெடக்கு. மூடி திறக்கவே இல்ல. கதவ சாத்திட்டு உள்ள உக்காந்து தெருவ போட்டோ எடுத்த கதைதான்."

மாறன் நாற்காலியைத் திருப்பித் திரையைக் காட்டினான்.

அன்சாரி குனிந்து பார்த்தான். "இது முந்தாநேத்து எடுத்ததா?"

"நேத்து."

"போடா."

"நேத்து ராத்திரி, பாய்."

அன்சாரி கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான். இருவரும் குன்றின் மேல் ஏறினார்கள். மாறன் கடைசியாக மேலே ஏறி ஒரு வருடம் ஆகியிருந்தது. படிக்கட்டு முழுக்கப் பாசி.

மூடி மூடியிருந்தது. மூடியின் விளிம்பிலிருந்து குழாயின் கழுத்துவரை ஒரு சிலந்தி வலை இழுத்துக் கட்டியிருந்தது. அன்சாரி விரலை நீட்டினான், தொடவில்லை. வலையில் தூசு படிந்து, நூல்கள் நரைத்துக் கனத்துத் தொங்கின.

"ஒரு ராத்திரில கட்டின வலையா இது?" என்றான் மாறன்.

"தொறந்துட்டேன் தொறந்துட்டேன்னு மோட்டார் தினமும் கீழ சிக்னல் அனுப்புதுடா. நானும் பச்சை விளக்கத்தான பாக்குறேன்."

"எவ்வளவு நாளா?"

அன்சாரி குனிந்து வலையின் தூசை ஊதினான். பிறகு, "வெளிச்சமே வராம எப்படிடா சுருள் வந்துச்சு?" என்றான்.

"கேமராவோட இரைச்சல் இருக்குல்ல. அதுவும் மணல் தூவின மாதிரிதான இருக்கும். தொலைநோக்கி எந்தத் திசைய பாக்குதுன்னு நிரப்பிக்குத் தெரியும். அங்க என்ன மாதிரி இருக்கணும்னும் தெரியும். வரைஞ்சிருச்சு."

"அதுக்கு ஒண்ணுமே குடுக்காம டெஸ்ட் பண்ணிப் பாக்கலையா நீ?"

எத்தனை விதமான மண்டலங்களைக் கொடுத்திருப்பான். சாய்ந்தவை, உடைந்தவை, மோதிக்கொண்டவை. ஒன்றுமில்லாததை மட்டும் கொடுத்துப் பார்க்கவில்லை. அது கோதையின் வேலை என்று இருந்துவிட்டது.

"இல்ல," என்றான்.

அன்சாரி படியில் உட்கார்ந்தான். "அம்மாவுக்குப் போன மாசம் சேலத்துல ஸ்கேன் எடுத்தேன். சுத்தமா இருக்குன்னாங்க. புது மெஷினாம், உன்னோட சரக்குதான் உள்ள இருக்குன்னு நான்தான் பெருமையா சொன்னேன்." எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். "பழைய மெஷின் வச்சிருக்கிற இடம் எங்கயாவது இருக்காடா?"

மாறனுக்குத் தெரியவில்லை.

மூடியைக் கையால் திறந்து நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். முடிச்சை அன்சாரி போட்டான். வலை அறுந்து மூடியோடு போயிற்று. மாறன் கேமராவிலிருந்து நிரப்பியைக் கழற்றிவிட்டு, அன்றிரவு எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று தொலைநோக்கிக்குச் சொல்லிவைத்தான். முதல் இடமாகத் தேன்குழல் என்ற மண்டலத்தை வைத்தான்.

அலுவலகச் சுவரில் சட்டம் போட்ட ஒரு பழைய படம் தொங்கியது. முப்பது வருடத்துக்கு முன், முதல் இயக்குநர் ஃபிலிமில் எடுத்தது. இரண்டு கைகள் கொண்ட சுருள், சுற்றிலும் நம் பக்கத்து நட்சத்திரங்கள் சில. பட்டியலில் அதற்கு ஒரு நீளமான எண் இருந்தது. கோதை அதைத் தேன்குழல் என்பாள். மங்கலான மண்டலம், வானத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத மூலை. அதற்குப் பிறகு யாரும் அதை அக்கறையாகப் பார்த்ததில்லை. போன வருடம், கோதை இருந்தபோது, புதிய கணக்கெடுப்புத் தொடங்கிய பிறகுதான் தொலைநோக்கி மறுபடி அந்தப் பக்கம் திரும்பியது. ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் பழைய படம் இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் அலாரம், பால், சருகு, கோதையின் குரல். அலுவலகம் போய்த் திரையைத் திறந்தான்.

தேன்குழல் இல்லை. மூலையில் நாலைந்து நட்சத்திரங்கள் மட்டும் இருந்தன. மற்ற இடமெல்லாம் இருட்டு.

"முடிச்சு அவுந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு அன்சாரி மேலே ஓடினான். மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். "மூடி தொறந்துதான் இருக்கு. நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்கு."

மாறன் அடுத்த படங்களைத் திறந்தான். வானத்தின் வேறு திசைகள். அங்கெல்லாம் மணல் இருந்தது. அழகில்லை. ஆனால் நிஜம். மறுபடி முதல் படத்துக்கு வந்து, கோதை எடுத்த பழைய இருட்டுப்படம் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தான். அந்த மூலையைத் தவிர வித்தியாசம் தெரியவில்லை.

"சுருள் போனா சரி. இதெல்லாம் எங்கடா?" அன்சாரி சுவரிலிருந்த படத்தைத் தொட்டுக் காட்டினான். "இது நம்ம பக்கத்து நட்சத்திரங்களாச்சே."

"இல்ல."

"நட்சத்திரம் எப்படிடா இல்லாமப் போகும்?"

"போகல. முன்னால ஏதோ நிக்குது."

மூலையில் எஞ்சிய நட்சத்திரங்களுக்கும் இருட்டுக்கும் நடுவில் ஓர் ஓரம் இருந்தது. மாறன் அதைப் பெரிதாக்கினான். கத்தியால் வெட்டியதுபோன்ற ஓரம். லேசாக வளைந்திருந்தது.

இயக்குநர் சுகந்தி அம்மையார் படத்தை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தூசு மேகம்," என்றார்.

"மேகத்துக்கு ஓரம் இப்படி இருக்காது மேடம். கலைஞ்சு போகும்."

"வேற எங்கயும் யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

"எல்லா இடத்துலயும் நிரப்பி இருக்கு மேடம். எல்லாரும் தேன்குழல பாத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. ரெண்டு கையோட."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மாறன், நீ இத வெளியில சொன்னா மொதல்ல என்ன சொல்லணும் தெரியுமா? நிரப்பி தானா வரையுதுன்னு சொல்லணும். ஆஸ்பத்திரில இருக்கிற ஒவ்வொரு ஸ்கேனும் சந்தேகம். அது வரைஞ்ச முகத்த வச்சு போலீஸ் உள்ள தள்ளினவங்க இருக்காங்க. செத்தவங்க குரல வச்சுக்கிட்டு உசுரோட இருக்கிறவங்க இருக்காங்க." அங்கே நிறுத்தினார். மாறன் வீட்டில் கேட்கும் குரலைப் பற்றி அவருக்கும் தெரியும். "இவ்வளவையும் ஒடைக்கணும்னா கையில என்ன வேணும்? ஒரு படம். அதுவும் நைலான் கயிறு கட்டி எடுத்த படம்."

"ரெண்டு படம். சுவத்துல ஒண்ணு இருக்கு."

"அது முப்பது வருஷத்துக்கு முந்தினது. முப்பது வருஷமா மெல்ல மெல்ல வந்த ஒண்ணுன்னா, வரட்டும். நம்ம பேரப்பிள்ளைங்க பாத்துக்குவாங்க. இல்ல, ஒரே வருஷத்துல இவ்வளவு மறைச்சிருக்குன்னா..." மேஜையிலிருந்த பேனாவை நேராக வைத்தார். "நடுவுல யாராவது நிரப்பி இல்லாம அந்த இடத்தப் பாத்திருக்காங்களா? அத மட்டும் கொண்டு வா. இப்பவே டெல்லிக்குப் போன் போடுறேன். இல்லன்னா மோட்டார மாத்திட்டு வேலையப் பாருங்க."

"இன்னும் ஒரு வருஷம் இருந்து பாத்தா தெரிஞ்சிரும் மேடம்."

"தெரிஞ்சிரும்," என்றார். அவர் குரலில் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை பால் பொங்கி வந்தபோது குரல் கேட்டது. எனக்கு ஒண்ணும் பயமில்லங்க. மாறன் அடுப்பை அணைக்காமல் நின்றான். பால் வழிந்து, தீ அணைந்து, வாடை வந்தது.

கோதையின் கடைசி அழைப்பு வந்தபோது அவன் சென்னையில் இருந்தான். ஒரு கூடத்தில் நிரப்பியைச் செய்து காட்டிக்கொண்டிருந்தான். கோதை ஆத்தூருக்குப் போக மலை வேனில் ஏறியிருந்தாள். நல்ல மழை. கைப்பேசியில் இன்ஜின் இரைச்சலும் மழையும் மட்டும் கேட்டன. "ஒண்ணுமே கேக்கல கோதை, எறங்கினதும் கூப்பிடு," என்றான். முனியப்பன் வளைவில் மண் சரிந்தது. வேன் சாலையை விட்டு இறங்கியது. வேனில் இருந்த யாரும் பிழைக்கவில்லை.

அவன் கைப்பேசி எல்லா அழைப்புகளையும் தானாகப் பதிவு செய்யும். அந்தப் பதிவைத்தான் நிரப்பியில் போட்டான். கோதையின் பழைய குரல் பதிவுகளையும் சேர்த்துக் கொடுத்தான். வாக்கியம் வந்தது. மறைந்திருப்பது வெளியே வந்தது என்று அவனும்தான் நம்பினான்.

"என்ன மாப்ள, பால் பொங்கி வழியுது, சிலையாட்டம் நிக்கிறீங்க?"

"அத்தை, கொஞ்சம் உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். மூடி திறக்காத கதையைச் சொன்னான். சுற்றி வளைக்காமல் சொன்னான். அவளுக்குப் புரிவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அப்ப இது யாரு பேசுறது?"

"மெஷின்."

"என் பொண்ணு தொண்டைலயா?"

அவன் தலையாட்டினான்.

அத்தை தம்ளரைக் கீழே வைத்தாள். "இத ஏன் எங்கிட்ட சொன்னீங்க? நான் உங்கள கேட்டனா? பொய்யாவே இருந்துட்டுப் போவுது. ஒரு வருசமா என்னோட இருந்த பொய். ஊர்ல நாலு பேரு எங்கிட்ட சொன்ன உண்மையவிட அது எவ்வளவோ தேவலாம்." எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று சமையல் இல்லை. மறுநாள் காலை பால் பொங்கியபோது உள் அறையிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. மாறன் சர்க்கரை போடாத காப்பியைக் கதவுக்கு வெளியே வைத்தான். ஆறிப்போனது. அதற்கும் அடுத்த நாள் அத்தை தானே வந்து அடுப்படியில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"அப்ப அவ என்னதான் சொன்னா?"

"தெரியல அத்தை."

"தெரிஞ்சுக்க முடியாதா? இவ்வளவு படிச்சிருக்கீங்க."

அவன் அதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தான். "ஒரு வழி இருக்கு. கோதை பண்ற வழி. அந்தப் பதிவுல வண்டிச் சத்தம், மழைச் சத்தம், அவ குரல் மூணும் இருக்கு. அதே மாதிரி வண்டியில, அதே ரோட்டுல, அதே மாதிரி மழையில, யாரும் பேசாம ஒரு தடவை பதிவு பண்ணணும். அத இதுலேர்ந்து கழிச்சா என்ன மிஞ்சுதோ அதுதான் அவ சொன்னது. இதுல மெஷின் எதையும் சேக்காது. எடுக்கத்தான் செய்யும்."

"ஒண்ணும் மிஞ்சலன்னா?"

"அப்ப ஒண்ணுமில்ல."

அத்தை ஈயத்தூக்கை எடுத்துக் கழுவத் தொடங்கினாள். "நானும் வருவேன்," என்றாள், திரும்பாமலே.

மழைக்குக் காத்திருந்தார்கள். வந்தது. வேன் ஓட்டுபவர் பெயர் சடையன். மலைக்காரர். கோதை ஏறிய வேன் அவருடைய அண்ணனுடையது. "ஒரே நாள்ல எடுத்த வண்டிங்க சார். அதோட தம்பி இது," என்றார். வேறு ஆள் யாரையும் ஏற்ற வேண்டாம் என்று மாறன் சொன்னதற்குத் தலையை ஆட்டிக்கொண்டார். பேசக் கூடாது என்றதும்தான் அவருக்குத் தாங்கவில்லை.

"பாட்டாவது போட்டுக்கட்டுமா சார்?"

"வேண்டாம்ணே."

"ஆரன்?"

"முடிஞ்சா வேண்டாம்."

"ஊமைப்படத்துக்கு வண்டி ஓட்டச் சொல்றீங்க. சரி, ஏறுங்க. அம்மா, நீங்க ஜன்னலோரம்."

ஜன்னலோரம்தான் கோதை உட்காருவாள். மடியில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, வளைவுகளில் தலை சுற்றாமல் எப்படி வேலை செய்கிறாள் என்று எல்லோரும் கேட்பார்கள். அத்தை அந்த இடத்தில் உட்கார்ந்தாள். மாறன் கைப்பேசியை அவள் காதுக்குப் பக்கத்தில், கோதை பிடித்திருக்கக்கூடிய உயரத்தில் பிடித்துக்கொண்டான்.

வேன் இறங்கியது. மழை தகரத்தில் அடித்தது. கியர் மாறும்போது இன்ஜின் இருமியது. சடையன் ஒருமுறை வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். முனியப்பன் வளைவு வந்தது. புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவர் வெள்ளையாக இருந்தது. அத்தையின் தோள் குலுங்கத் தொடங்கியது. மாறன் பார்த்தான். அவள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். வளைவு முடிகிறவரை எடுக்கவில்லை. பதிவில் ஒரு விசும்பல்கூட விழவில்லை.

கீழே டீக்கடையில் வண்டி நின்றதும் சடையன் இறங்கி வந்து, "நல்லா வந்துச்சாம்மா?" என்று கேட்டார். எதைக் கேட்கிறோம் என்று அவருக்கே தெரியாது. அத்தை தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து மாறன் வேலையைத் தொடங்கினான். மழை ஒரே மாதிரி பெய்வதில்லை. வண்டியும் ஒரே வேகத்தில் போவதில்லை. துண்டு துண்டாகப் பொருத்திப் பொருத்திக் கழிக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு நாள் அன்சாரி வந்து, சேலத்தில் எங்கேயும் பழைய மெஷின் இல்லை, அம்மாவைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். மேலே புது மோட்டார் மாட்டியாகிவிட்டது. நிரப்பியைத் திரும்பக் கேமராவில் போடச் சொல்லி அலுவலகத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்தது. அவன் போடவில்லை. ஒவ்வொரு காலையும் மூலையில் எஞ்சிய நட்சத்திரங்களை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஒரு காலை அவற்றில் ஒன்று குறைந்திருந்ததுபோலத் தெரிந்தது. மணல்தானே, சரியாகச் சொல்ல முடியாது.

கழித்து முடித்த நாளும் ஒரு காலைதான். பால் காய்ந்துகொண்டிருந்தது. நிரப்பி முழு வாக்கியத்தைத் தந்திருந்தது. இது திரையில் கிழிந்த துணிபோன்ற அலைக்கோடாக வந்திருந்தது. ஆனால் குரல் இருந்தது. அவன் இன்னும் கேட்கவில்லை. அத்தை இல்லாமல் கேட்கக் கூடாது என்று வைத்திருந்தான்.

அத்தை வந்து எதிரே உட்கார்ந்தாள். தலை வாரியிருந்தாள்.

"போடுங்க மாப்ள."

"இத கேட்டா, அப்புறம் அத கேக்க முடியாது அத்தை."

"அந்தப் பொய்ய மூணு நாளைக்கு முந்தியே அழிச்சிட்டேன். போடுங்க."

"ஒருவேளை நம்மளப் பத்தி ஒண்ணும் இருக்காது."

"அவ என்ன சொன்னாளோ அது போதும்."

மாறன் பொத்தானை அழுத்தினான். மழை இல்லை. வண்டி இல்லை. இடையில் வெறுமை. பிறகு கோதை. வேலையில் ஏதோ ஒன்றைப் பிடித்துவிட்டால் அவளுக்கு வரும் அந்தக் குரல், கொஞ்சம் உயர்ந்து, மூச்சுக்கு இடம் கொடுக்காமல்.

"ஏங்க, கேக்குதா? தேன்குழல்ல ஒரு கை மட்டும் காணோங்க. மீதியெல்லாம் அப்படியே இருக்கு. மூடி தொறந்துதான் இருக்கு, நான் மேல போய்ப் பாத்துட்டேன்."